அனுதினத் தியானவுரையும் அன்றாட வாழ்வும்: அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறுகள் காப்பியம், கீர்த்தனை, அகராதி, இலக்கணம், விவிலிய மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்கு உரிய இடம் அளித்துள்ளன. ஆயின், கிறித்தவ இல்லங்களில் நாள்தோறும் படிக்கப்பெறும் ஓர் உரைநடை வகை அவ்வரலாறுகளில் பெரிதும் பேசப்படுவதில்லை. சீர்திருத்தத் திருச்சபையினர் 'அனுதினத் தியானம்' என்றும், கத்தோலிக்கர் 'இன்றைய சிந்தனை' என்றும் வழங்கும் சிற்றுரைகளே அவை. நாளொன்றுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு மறைநூற் பகுதி, அதனை வாழ்க்கையோடு இணைக்கும் சில பத்திகள், இறுதியில் ஒரு சிறு வேண்டல் என்பது இவற்றின் பொது அமைப்பாகும். இவற்றை இங்குத் தியானவுரை எனக் குறிப்போம்.

பத்தியின் பயன் கருதி எழுதப்பெறுபவை என்பதனாலேயே இவற்றைத் திறனாய்வுக்கு அப்பாற்பட்டவையாகக் கொள்ளுதல் பொருந்தாது. 'அன்றாட வாழ்வுக்கு விவிலியம்' என்பதே இவ்வகை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட இலக்கணமாகலின், அது காட்டும் அன்றாடம் யாருடையது என்று வினவுதல் முறையாகும். அவ்வினாவை அந்தமான் நிக்கோபார்த் தீவுகளை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. தாயகத்திலிருந்து கடலால் பிரிக்கப்பட்ட தமிழ் வாசகர் வாழும் நிலம் அது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்குத் தமிழைத் தாய்மொழியாக உடையோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர். மேலும், தியானவுரையின் வரலாறு, அதன் முரண், அது எதிர்கொண்ட மிகக் கடுமையான சோதனை ஆகிய மூன்றும் அத்தீவுகளில் ஒருங்கே காணக்கிடைக்கின்றன.

வடிவமும் மரபும்

தியானவுரையின் உறுப்புகளை நோக்கின் அவை தமிழ் உரைமரபுக்குப் புறம்பானவை அல்ல என்பது புலனாகும். காண்டிகையுரைக்கு நன்னூல் கூறும் கருத்து, பதப்பொருள், காட்டு என்னும் மூன்றும் தியானவுரையிலும் உள்ளன. ஆயின் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு மூலத்தை விளக்க வருகிறது. தியானவுரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டோ மூலத்தை வாசகரின் நாளுக்குள் கொண்டுசேர்க்க வருகிறது. எனவே இவ்வகையில் காட்டு என்னும் உறுப்பே உயிர்நிலையாகிறது.

ஆண்டின் நாள்களோடு வாசிப்பைப் பிணைக்கும் முறையும் தமிழுக்குப் பழையதே. முத்துக்குளித்துறைக் கிறித்தவர்களுக்காக அண்டிறீக்கு அடிகளார் ஆக்கி 1586இல் அச்சேறிய 'புளோஸ் சாங்க்தோரும்' என்னும் அடியார் வரலாறு திருநாள்களின் வரிசையைத் தழுவி அமைந்தது. சீர்திருத்தத் திருச்சபை மரபில் இம்முறைக்குத் தோற்றுவாயாக அமைந்தது செருமானிய நாட்டு எர்ன்ஹூட் ஊரில் வாழ்ந்த மொராவியச் சகோதரர் சபையின் நாள்வசன நூலாகும். 1728இல் வாய்மொழியாகத் தொடங்கி 1731 முதல் ஆண்டுதோறும் அச்சாகிவரும் இந்நூலில், வரும் ஆண்டின் ஒவ்வொரு நாளுக்குமான வசனம் சீட்டுக் குலுக்கி முன்கூட்டியே எடுக்கப்படுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 1969இல் வந்த வாசக ஒழுங்கு, ஞாயிறுகளுக்கு மூன்றாண்டுச் சுழற்சியையும் வாரநாள்களுக்கு ஈராண்டுச் சுழற்சியையும் வகுத்தது.

இவ்விரு முறைகளிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வாசகம் நாளுக்கு முன்பே உறுதிசெய்யப்பட்டு விடுகிறது. நாள் எதைக் கொண்டுவரும் என்பது எழுதுபவருக்குத் தெரியாது. அச்சிட்ட நாளுக்கும் வாழும் நாளுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே இவ்வகையின் வலிமைக்கும் குறைக்கும் ஒருசேரக் காரணமாகிறது.

தீவுகளில் மறைவாசிப்பு

மொராவியச் சகோதரர் 1760இல் தரங்கம்பாடியில் குடியேறினர். டேனியர் உரிமை கொண்டாடிய நிக்கோபார்த் தீவுகளில் பணியாற்றுவதே அவர்தம் நோக்கம். 1768இல் நான்கௌரித் தீவில் அமைந்த அவர்தம் குடியிருப்பு காய்ச்சலாலும் மொழியறியா இடர்ப்பாட்டாலும் தளர்ந்து 1787இல் கைவிடப்பட்டது. அங்கு 1779 முதல் இருந்த ஏன்செல் என்பவரின் கடிதங்கள் 1812இல் நூலாயின. எர்ன்ஹூட்டில் படிக்கப்படும் வசனமே அதே நாளில் உலகெங்கும் உள்ள சகோதரராலும் படிக்கப்பட வேண்டும் என்பது அச்சபையின் வழக்கம். அவ்வொருமைப்பாடு பெருமைக்குரியதே. ஆனால் வசனம் பொதுவாக இருந்ததேயன்றி, அதனைச் சொல்லுதற்குரிய நிலத்தின் மொழி அவர்க்கு வாய்க்கவில்லை.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் அக்குறையை ஒருவாறு நீக்கியவர் தமிழ்க் கிறித்தவராகிய வேதப்பன் சாலமோன். மறையாசிரியரான அவர் 1895 முதல் கார் நிக்கோபாரில் அரசின் முகவராகவும் பணியாற்றிப் பள்ளியும் நடத்தினார். அவர் எழுதிய நாட்குறிப்புகளின் பகுதிகள் 1902இல் இலண்டன் மானிடவியல் கழக இதழில் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அவை தியானவுரைகள் அல்ல. தீவு மக்களின் வழக்கங்களையும் நிகழ்ச்சிகளையும் நாள்வாரியாகப் பதிந்தவை. ஆயினும் நம் ஆய்வுக்கு அவை ஓர் அளவுகோலைத் தருகின்றன. மறைநூலைக் கற்பிக்கச் சென்றவர் முதலில் செய்தது நாளைக் கவனித்தலே. அவர்தம் மாணவரான ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் ஆயராகி, புதிய ஏற்பாட்டை நிக்கோபாரிய மொழிக்குக் கொணர்ந்தார். கவனித்தல் முன்னும் மொழிதல் பின்னுமாக அமைந்த இவ்வரிசை கருதத்தக்கது.

பெயரில் உறையும் முரண்

2018 டிசம்பர் 30 அன்று சுவராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பெற்ற ஹேவ்லாக் தீவு இவ்வாய்வுக்கு மற்றொரு கோணத்தைத் தருகிறது. அதன் பழம்பெயருக்குரிய தளபதி ஹென்றி ஹேவ்லாக் (1795–1857) செராம்பூர் பாப்திஸ்து சபையோடு நெருங்கிய தொடர்புடையவர். அச்சபையின் ஜோசுவா மார்ஷ்மனின் மகளை மணந்தவர். 1830இல் அங்கே திருமுழுக்குப் பெற்றவர். விடியுமுன் எழுந்து விவிலியம் படித்து வேண்டுதல் செய்த பின்னரே படையெடுப்பைத் தொடங்கும் பழக்கமுடையவர் என்று அவர்தம் வரலாற்றாசிரியர்கள் போற்றுவர். அவரோடு மறைநூல் படித்த வீரர்களை 'ஹேவ்லாக்கின் புனிதர்' என்று பிறர் அழைத்தனர். அவரே 1857இல் கான்பூர், இலக்னோப் போர்களை நடத்தினார். அப்பெரும் எழுச்சியில் தண்டனை பெற்றோரை அடைத்தற்கென 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் குற்றவாளிக் குடியேற்றம் தொடங்கியது. நாள் தவறாது மறைநூல் படித்தவரின் பெயர் ஒரு தீவுக்கு. அவர் ஒடுக்கிய எழுச்சியின் கைதிகள் அருகிலுள்ள மற்றொரு தீவுக்கு.

தளபதியின் பத்தி போலி என்று கூறுதல் இங்கு நோக்கமன்று. வசனத்தை அன்றாடத்தோடு இணைத்தல் என்பது தன்னளவில் அறமாகிவிடாது என்பதே கருத்து. இணைக்கப்படும் அன்றாடத்தையும் வசனம் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். தன் நாளுக்கு இசைவான வசனத்தை மட்டும் தேடும் வாசிப்பில், நாளே மூலமாகவும் மறைநூல் அதற்கு உரையாகவும் தலைகீழாகின்றன. இன்றைய தியானவுரைகள் பலவற்றில் வசனமானது தேர்வு வெற்றிக்கும் பதவி உயர்வுக்கும் கடன் தீர்வதற்கும் உறுதிமொழியாக வாசிக்கப்படுவது இத்தலைகீழ் நிலையின் எளிய வடிவமேயாகும்.

காட்டின் நிலம்

தியானவுரைகளின் எடுத்துக்காட்டுகளை வகைப்படுத்தின், மேலைநாட்டு மூலங்களிலிருந்து பெயர்த்தெடுத்தவை மிகுதியாக இருத்தலைக் காணலாம். பனிப்புயலில் வழிதவறியவன், கலங்கரை விளக்கக் காவலன், இலையுதிர்கால மரம், குளிர்கால அடுப்பு முதலியன திரும்பத் திரும்ப வருகின்றன. அவை தீங்கற்றவை, ஆனால் வாசகரின் நாளைத் தொடாதவை. ஹேவ்லாக்கில் படகோட்டியாகவோ விடுதிப் பணியாளராகவோ வாழும் ஒரு தமிழருக்கு, இந்திய நேரப்படி பாளையங்கோட்டையைவிட ஏறத்தாழ ஒருமணி நேரம் முன்னதாகவே பொழுது புலர்கிறது. தமிழ்நாடு கத்திரி வெயிலில் வாடும் மே மாதத்திலேயே அங்குத் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடுகிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும். கப்பல் நின்றால் காய்கறியும் கூலியும் நிற்கும். 2010இல் கடல்நீர் வெப்பமுற்று அத்தீவுகளின் பவளத்திட்டுகள் வெளிறின. இவை எவையும் அவர் படிக்கும் பக்கத்தில் இல்லை. முதல் பொருளாகிய நிலமும் பொழுதும் பொருந்தாதவழி உரிப்பொருள் நெஞ்சில் பதிவதில்லை என்னும் தமிழ்ப் பொருளிலக்கண உண்மை இங்கும் செல்லும்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டாக டோனாவூரைச் சுட்டலாம். எமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து காயமுற்று, 1951இல் மறையும் வரை பெரிதும் படுக்கையிலேயே இருந்தார். அந்நாள்களில் தம் இல்லக் குடும்பத்தினருக்கு எழுதியனுப்பிய மறைச்சிந்தனைக் குறிப்புகள் அவர் மறைவுக்குப் பின், 1955இல், நாள்வரிசைப்படி ஆங்கில நூலாயின. முகமறிந்த மக்களின் நோயும் பணியும் அறிந்து எழுதப்பட்டமையால் அவற்றில் ஓர் உண்மைத்தன்மை உண்டு. ஆனால் நூலாகத் தொகுக்கப்படுகையில் மாதமும் நாளும் நிற்க, ஆண்டு மறைந்துவிடுகிறது. எந்த ஆண்டுக்கும் பொருந்துமாறு அமைந்த நாள், எந்த நாளாகவும் இல்லாமற்போகும் இடர்ப்பாடு இவ்வகைக்கே உரியது.

2004 டிசம்பர் 26

ஆண்டு மறைந்த நாளேட்டுக்குள் வரலாறு புகுந்த நாள் 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறித்து பிறப்பு விழாவின் மறுநாள். ஆழிப்பேரலையால் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். வேளாங்கண்ணிக் கடற்கரையில் திருப்பயணிகள் பலர் மாண்டனர். நிக்கோபார்த் தீவுகளில் கார் நிக்கோபாரும், இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் இரப்பர்த் தோட்டத் தொழிலாளராகக் குடியேறியிருந்த கச்சாலும் பேரழிவுக்கு உள்ளாயின. ஹேவ்லாக் உள்ளிட்ட ரிச்சி தீவுக்கூட்டம் அவற்றை நோக்கக் குறைந்த சேதத்துடன் தப்பியது.

அந்நாளுக்கான கத்தோலிக்க வாசகம் முன்னரே குறிக்கப்பட்டிருந்தது. அது திருக்குடும்ப விழா. நற்செய்தி மத்தேயு இரண்டாம் அதிகாரம் 13 முதல் 15 வரையும், 19 முதல் 23 வரையுமான வசனங்கள். குழந்தையோடு எகிப்துக்குத் தப்பியோடுதலும் திரும்பி வருதலும் அதன் பொருள். இடையிலுள்ள 16 முதல் 18 வரையான வசனங்களை வாசக ஒழுங்கு விடுத்திருந்தது. ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்வித்ததும், இராகேல் தன் மக்களுக்காக அழுது ஆறுதல் பெற மறுத்ததும் விடுபட்ட பகுதியில் உள்ளவை. குடும்ப விழாவுக்கு அப்பகுதி பொருந்தாது எனக் கருதப்பட்டிருக்கலாம். ஆனால் அதே ஒழுங்கு, இரு நாள் கழித்து 28ஆம் நாள் மாசற்ற குழந்தைகள் விழாவுக்கு 13 முதல் 18 வரையான வசனங்களை வகுத்திருந்தது. ஆங்கிலிக்கன் மரபின் பொதுவேண்டல் நூலிலும் அந்நாளுக்கு அதே நற்செய்திப் பகுதியே உள்ளது. கடற்கரைகளில் குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருந்த நாளில், விடுபட்ட இராகேலின் அழுகை நாளேட்டின் வழியாகவே வந்து சேர்ந்தது.

இதனை முன்னறிவிப்பு என்று கொள்ளுதல் ஆய்வு நெறியாகாது. அவ்விழா ஆண்டுதோறும் வருவதே. கருதத்தக்கது வேறு. இந்நாளைத் தியானிக்கும் உரைகளில், குழந்தைகள் விண்ணகம் சென்றனர், எனவே தேறுதல் கொள்வோம் என்னும் முடிப்பு வழக்கமானது. ஆனால் மூலம் அவ்வாறு முடியவில்லை. மத்தேயு மேற்கோள் காட்டுவது எரேமியா 31ஆம் அதிகாரத்தின் 15ஆம் வசனத்தை. அதற்கு அடுத்த வசனத்திலேயே அழுகையை நிறுத்துமாறு கூறும் இறைவாக்கும், மக்கள் திரும்பி வருவர் என்னும் ஆறுதலும் உள்ளன. நற்செய்தியாளர் அதனை எடுத்தாளவில்லை. இராகேல் ஆறுதலை மறுக்கும் இடத்திலேயே மேற்கோளை நிறுத்திவிடுகிறார். மூலம் நிறுத்திய இடத்தில் நிற்கவியலாது ஆறுதலுக்கு விரையும் உரை, வாசகருக்கு முன்பாக மூலத்துக்கே மாறுபடுகிறது.

இரங்கலுக்குரிய இடம்

ஒவ்வொரு பக்கமும் ஆறுதலோடு முடிதல் வேண்டும் என்பது தியானவுரையின் எழுதப்படாத விதி. தமிழ்மரபு அவ்விதியை வேண்டுவதன்று. இறந்தோரை எண்ணி எஞ்சியோர் செயலற்றுப் புலம்புவதைக் கையறுநிலை என்னும் துறையாகத் தொல்காப்பியம் காஞ்சித்திணையில் வைக்கிறது. பாரியை இழந்த பின் எழுந்த பாடல்களில் இழப்பை ஈடுசெய்யும் முடிப்பு வலிந்து சேர்க்கப்படுவதில்லை. கடல் சார்ந்த நெய்தலுக்கு இரங்கலையே உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். அகத்திணை இரங்கல் பிரிவு பற்றியது, இறப்புப் பற்றியதன்று என்பது உண்மையே. எனினும் துயரை முடித்துவைக்காமல் சொல்லிநிற்கும் மொழி தமிழில் இலக்கண ஏற்புடையது என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும். இல்லங்களில் இன்றும் ஒலிக்கும் ஒப்பாரியும் அவ்வாறே. எனவே, ஆறுதலின்றி முடியும் ஒரு பக்கம் தமிழ் வாசகருக்கு அயலானதாக இராது.

ஆறுதல் கூடாது என்பது இதன் பொருளன்று. நோயுற்றோரும் தனித்திருப்போரும் இப்பக்கங்களால் ஒரு நாளைக் கடக்கின்றனர், அப்பயன் சிறிதன்று. ஆறுதல் எரேமியாவில் இருப்பது போலத் தன் முறை வரும்போது வருதல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

முடிவுரை

தியானவுரை தமிழ் உரைமரபோடு உறவுடைய, திறனாய்வுக்குத் தகுதியான இலக்கிய வகை என்பதும், அதன் உயிர்நிலை காட்டு என்னும் உறுப்பில் உள்ளது என்பதும், அக்காட்டு வாசகரின் நிலத்தையும் பொழுதையும் சாராதவழி அன்றாடம் என்பது பெயரளவாகிறது என்பதும் மேற்கூறியவற்றால் பெறப்படும். ஹேவ்லாக்கின் வரலாறு வாசிப்பு நாளைக் கேள்விக்கு உட்படுத்த வேண்டுவதை உணர்த்துகிறது. சாலமோனின் நாட்குறிப்பு நாளைக் கவனிக்க வேண்டுவதைக் காட்டுகிறது. 2004இன் இரு வாசகங்கள் மூலம் நின்ற இடத்தில் உரையும் நிற்க வேண்டுவதைத் தெளிவுறுத்துகின்றன. தமிழ்த் தியானவுரைகளைக் காலவாரியாகத் தொகுத்து, ஆழிப்பேரலைக்கு முன்னும் பின்னும் டிசம்பர் 28ஆம் நாள் பக்கம் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று ஒப்புநோக்குதல் மேலாய்வுக்குரியது. இராகேல் அழுது முடிக்க எந்தப் பக்கம் இடம் தந்தது என்பதை அவ்வொப்பீடு காட்டும்.