சுவரில்லாத உழைப்பு

2021 ஏப்ரலில் ஆலப்புழையில் கொச்சி பினாலே அறக்கட்டளை 'லோகமே தறவாடு' என்ற கண்காட்சியைத் தொடங்கியது. போஸ் கிருஷ்ணமாச்சாரி ஒருங்கிணைத்த அதில் 267 மலையாளிக் கலைஞர்கள் பங்கேற்றார்கள். நியூ மாடல் சொசைட்டி போன்ற பழைய கயிற்றுத் தொழில் கட்டடங்களே காட்சிக் கூடங்களாயின. அருங்காட்சியக வாசலில் தயங்கி நிற்பவர்கள்கூடத் தங்கள் ஊர் ஆலைக்குள் கூச்சமின்றி நுழைவார்கள். அந்த வகையில் இது நல்ல தேர்வு.

பங்கேற்றவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும்தான். என்னை அதைவிட உறுத்துவது கட்டடம். 1859இல் ஜேம்ஸ் டாரா ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலை தொடங்கினார். அப்படிப்பட்ட ஆலைகளுக்குள் தறியில் நெய்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களோ காயலோரத்தில், மாதக்கணக்கில் ஊறி நாறும் தேங்காய் மட்டையைக் கட்டையால் அடித்து நாரெடுத்தார்கள். முற்றத்தில் ராட்டை சுற்றிக் கயிறு திரித்தார்கள். அந்தக் கயிறு வராவிட்டால் தறி ஓடாது. ஆனால் காயலோரத்துக்குச் சுவர் கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. ஆலையை மட்டும் பாரம்பரியச் சின்னமாக்கினால், கூரைக்குக் கீழே நடந்த உழைப்பே வரலாறாகிறது. தலைப்பிலுள்ள 'தறவாடு'ம் அப்படித்தான்: வம்சம் தாய்வழி, அதிகாரம் தாய்மாமனான காரணவரிடம்.

குன்றத்தூரில் வாழும் எனக்கு இது அயலூர்க் கதையல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. அங்கே கைப்பேசி பூட்டியவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். பின்னர் அந்த வளாகத்தைச் சால்காம்ப் வாங்கியது. கட்டடத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது. வேலையிழந்த பெண்கள் எங்கே போனார்கள் என்பதை அந்தச் சுவர்கள் சொல்லாது. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் தொழிலாளிப் பெண்கள் விடுதி உணவால் நோயுற்றபோது, அவர்களுடைய தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். அவர்களின் வரலாறு விடுதியிலும் சாலையிலும் நிகழ்ந்தது.

என்றாவது ஒரகடத்து ஆலையொன்றும் கலைக்கூடமாகலாம். அன்று துருப்பிடித்த இயந்திரத்துக்கு விளக்குப் போட்டு அழகு பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. ஷிப்டுப் பேருந்து, ஒரே அறையில் நெருக்கிப் போட்ட பாய்கள், ஊருக்கு அனுப்பிய பணத்தின் ரசீது ஆகியவையும் கூடத்துக்குள் வர வேண்டும். எவற்றை வைப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அந்தப் பெண்களே உட்கார வேண்டும். ஆலை எங்கே முடிகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.