வேண்டுதலும் மௌனமும்

வேளாங்கண்ணியில் மாதா குளத்துக்கும் பேராலயத்துக்கும் இடையே உள்ள மணற்பாதையில் சிலர் முழங்காலாலேயே நகர்ந்து வருவார்கள். குழந்தை வரம், கடன், தீராத வியாதி என்று ஆளுக்கொரு வேண்டுதல். மொட்டை போட்டுக்கொள்ளும் இந்துக்களும் உண்டு. பிரார்த்தனையின் பலமே இதுதான்: படிப்பையோ தீட்சையையோ அது கேட்பதில்லை, குறையைச் சொல்ல யாரையும் கூசவைப்பதில்லை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வந்து சேருமா என்று காத்திருக்கும் கடைமடைக்காரருக்குக் கையேந்துவது தானாகவே வரும்.

பிரார்த்தனையின் குறை 2004 டிசம்பர் 26 அன்று வெளிப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரிகர்கள் பலரை அந்தக் கடற்கரையிலேயே சுனாமி வாரிக்கொண்டு போனது. ஆலயத்துக்குள் தண்ணீர் புகாததைப் பலர் மாதா செய்த புதுமை என்றார்கள். பிழைத்தவரின் நன்றியை மதிக்கிறேன். இறந்தவர்களும் அதே மாதாவிடம் வேண்டிக்கொண்டவர்கள்தானே? கேட்டது கிடைத்தால் சாட்சி, கிடைக்காவிட்டால் விசுவாசம் போதவில்லை என்று பேசும் பக்தி, துக்கத்தில் இருப்பவர் தலையில் பழியையும் ஏற்றுகிறது.

தியானத்தில் இந்தக் கணக்கே இல்லை. கரூர் பக்கம் நெரூரில் துறவி சதாசிவ பிரம்மேந்திரரின் அதிஷ்டானம், அதாவது சமாதி, இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுக்காரர். கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரில் சாஸ்திரம் படித்து, வாதத்தில் வல்லவராக இருந்தவர், ஒரு நாள் பேச்சையே விட்டுவிட்டார் என்பது மரபு. எதையும் கேட்காத மனத்துக்கு ஏமாற்றம் இல்லை. ஆனால் அப்படியொரு மனம் ஒரே நாளில் அமையாது. பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயிடம் போய் மூச்சைக் கவனி என்பது கொடுமை. கருக்கலில் நாற்றுப் பறிக்கப் போகிறவளுக்குத் தனியறை ஏது, ஓய்ந்த நேரம் ஏது? தியானத்தை உயர்த்திப் பேசுகிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பது அபூர்வம். அந்த மௌனியே கீர்த்தனைகள் இயற்றியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அத்தனை நிறைவிலும் கூப்பிட ஒரு ராமனும் கிருஷ்ணனும் வேண்டியிருந்தது.

ஆகவே பிரார்த்தனைக்கே முதலிடம் தருவேன். ஆனால் கேட்டு முடித்ததும் எழுந்து போய்விடாத பிரார்த்தனைக்கு. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் இரண்டு பிரெஞ்சுக் குருமார்கள் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். 1968இல் அங்கே வந்த துறவி பீட் கிரிஃபித்ஸ் காலத்தில் தினம் மூன்று வேளை ஜெபம், காலையும் மாலையும் தியானம். அது பெரும்பாலும் ஆசிரம எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டதுதான் என் வருத்தம். பங்குக் கோயிலிலும் சிவன் கோயிலிலும் பூசை முடிந்த பின் மணியும் ஒலிபெருக்கியும் ஓய்ந்து, கால் மணி நேரம் யாரும் விரட்டாமல் உட்கார இடம் கிடைக்க வேண்டும்.