முகமூடியும் எதிர்பார்ப்பும்: ‘ஹலோவீன் III’ பற்றிய ஒரு மீள்நோக்கு

ஒரு தொடரின் பெயரைத் தாங்கி வெளிவரும் படைப்பு, தன் தகுதியால் மதிக்கப்படுவதற்கு முன்னரே அப்பெயர் எழுப்பிய எதிர்பார்ப்பினால் அளக்கப்பட்டுவிடுகின்றது. 1982ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஐக்கிய அமெரிக்காவில் வெளியான ‘ஹலோவீன் III: சீஸன் ஒஃப் த விச்’ என்னும் திகிற்படம் இதற்குத் தக்க சான்றாகும். 1978இல் ஜோன் காப்பென்ரர் நெறிப்படுத்திய முதற்படமும், 1981இல் வந்த இரண்டாவது படமும், வெண்முகமூடி அணிந்த மைக்கேல் மையர்ஸ் என்ற கொலையாளியை மையமாகக் கொண்டவை. மூன்றாவது படத்தின் கதையில் அவனுக்கு இடமில்லை. தயாரிப்பாளரான காப்பென்ரரும் டெப்ரா ஹில்லும், ஹலோவீன் இரவைப் பொதுக்களமாகக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதியதொரு கதையைக் கூற எண்ணினர். நெறியாள்கை ரொமி லீ வொலஸிடம் ஒப்படைக்கப்பட்டது. பார்வையாளர் ஏமாற்றமுற்றனர். 1988இல் வெளியான நான்காவது படம், கொலையாளியின் மீள்வருகையைத் தன் தலைப்பிலேயே அறிவித்து அம்முயற்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

முதற்பார்வையில் இப்படம் ஏமாற்றமளிப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும், இல்லாத ஒருவனுக்காகக் காத்திராத இரண்டாவது பார்வையிலேயே, இருப்பது எதுவெனத் தெளிவாகின்றது.

சன்ரா மிரா என்ற சிற்றூரில் கொனல் கொக்ரன் என்பவன் முகமூடித் தொழிற்சாலை நடத்துகின்றான். மண்டையோடு, சூனியக்காரி, பூசணிக்காய் என்ற மூவகை முகமூடிகளையும் நாடெங்கும் சிறுவர் விரும்பி வாங்குகின்றனர். ஸ்ரோன்ஹெஞ்ச் கற்றூணின் துணுக்கைத் தாங்கிய நுண்சில்லு ஒவ்வொரு முகமூடியிலும் பொதிந்துள்ளது. ஹலோவீன் இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் விளம்பரம், அவற்றை அணிந்திருக்கும் சிறுவரைக் கொல்லும். இதனைக் கண்டறியும் வைத்தியரான சலிஸ், அதனைத் தடுக்க முனைகின்றார்.

இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சிறுவரைத் தொலைக்காட்சியின் முன் அமர்த்திவைக்கும் இரையாக இப்படத்தினுள் காட்டப்படுவது, 1978ஆம் ஆண்டின் ‘ஹலோவீன்’ படமேயாகும். மதுச்சாலைத் தொலைக்காட்சியில் அதன் விளம்பரம் ஓடுகின்றது. முகமூடி மாட்டிக் கட்டிவைக்கப்பட்ட சலிஸின் முன்னும் அப்படமே ஓடுகின்றது. பழைய கொலையாளியைக் காணும் ஆவலோடு அரங்கிற்கு வந்த பார்வையாளர், அதே ஆவலோடு திரையின் முன் அமர்ந்திருக்கும் சிறுவரின் நிலையிலேயே வைக்கப்படுகின்றனர். அவர்தம் ஏமாற்றத்தையே இப்படம் தன் பொருளாக்கிக் கொண்டது எனலாம். சலிஸ் அத்தொலைக்காட்சியை உதைத்துடைத்தே தம்மை விடுவித்துக்கொள்கின்றார்.

வணிகம் பற்றிய நோக்கும் மேலோட்டமானதன்று. மிகுதியாக முகமூடி விற்ற முகவர், பாராட்டுப் பெறுவதற்கெனக் குடும்பத்தோடு அழைக்கப்பட்டு, பரிசோதனைப் பொருளாகி மடிகின்றார். விற்பனையின் வெற்றி விற்றவனையும் காப்பதில்லை என்பதை இக்காட்சி எவ்வித விளக்கவுரையுமின்றி உணர்த்துகின்றது. உள்ளூரவரைத் தவிர்த்து வெளியாரையே தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தான் எனக் குறைகூறும் ஒருவன், அன்றிரவே கொல்லப்படுகின்றான். கொக்ரனின் ஏவலரோ மனிதரல்லர், இயந்திரங்கள். கேள்வி கேளாத உழைப்பே அவனுக்கு உகந்தது.

ஆயினும், மீள்நோக்கு என்பது குறைகளை மறைத்தலாகாது. தந்தையை இழந்த எல்லி என்னும் பெண், சலிஸின் துணைவியாக மட்டுமே குறுகிவிடுகின்றாள். பல நேரவலயங்களைக் கொண்ட ஒரு நாட்டில் ஒன்பது மணி எங்ஙனம் ஒரே கணத்தில் நேரும் என்ற வினாவிற்கும் விடையில்லை. தொலைக்காட்சி நாடகங்களாற் புகழ்பெற்ற ஆங்கில எழுத்தாளர் நைஜல் நீல் முதற்பிரதியை எழுதியிருந்தும், பின்னர் தம் பெயரை நீக்குமாறு கோரினார். வெவ்வேறு கைகள் பட்ட தடயம் கதையமைப்பிற் புலப்படுகின்றது. இவை அனைத்தினும் பெரிய குறை வேறொன்று. கேட்டின் ஊற்றைத் தொழிற்சாலையிலும் விளம்பரத்திலும் கண்டுகொண்ட படம், இறுதியில் அதனைப் பண்டைய சம்ஹெய்ன் பலியின் மாந்திரிகத்தில் ஏற்றிவிடுகின்றது. தான் கண்டதை முழுமையாகக் கூறும் துணிவு அதற்கு இல்லாமற் போயிற்று.

அவ்வாறாயினும், அப்பழம்பலியை வீடுதோறும் கொண்டுசெல்வது நவீன விற்பனை வலையே என்ற உண்மை அழிந்துவிடவில்லை. இறுதிக் காட்சியில் சலிஸ் தொலைபேசியில் மன்றாட, இரு அலைவரிசைகளில் விளம்பரம் நிறுத்தப்படுகின்றது. மூன்றாவதில் அது தொடர்கின்றது. நிறுத்துமாறு அவர் கதறுகையிற் படம் முடிகின்றது. முந்திய படங்களில் தீமைக்கு ஓர் உடல் இருந்தது. அதனைச் சுடவும் எரிக்கவும் முடிந்தது. இங்கு கொக்ரன் அழிந்த பின்னரும் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கின்றது. குறையுடைய இப்படம் மீண்டும் பார்க்கத்தக்கதாவது இதனாலேயேயாகும்.