மரதன் என்ற பெயரில் ஓர் ஐந்து கிலோமீற்றர்

42.195 கிலோமீற்றர் ஓடினால்தான் மரதன் என்று சர்வதேசத் தடகளச் சம்மேளனம் 1921இல் முடிவுகட்டிவிட்டது. கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. போனாலும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழா நோட்டீஸில் முதல் வரியே ‘மரதன் ஓட்டம்’தான். தூரம் ஐந்து கிலோமீற்றராக இருக்கலாம், எட்டாக இருக்கலாம். சந்தியில் தொடங்கி விகாரை வரை போய்த் திரும்புவதாகவும் இருக்கலாம். அளந்தது யார் என்று கேட்டால், யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிள் மீற்றர் என்பதுதான் பதிலாக வரும்.

இந்தப் பெயர்ப் பிழை ஓடுகிறவர்களுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. தூரம் திட்டமாகத் தெரியாத ஓட்டத்தில் கிலோமீற்றருக்கு எத்தனை நிமிடம் என்று யாரும் கணக்குப் பார்க்க முடியாது. முன்னால் போகிறவனைப் பிடிக்கலாம். அல்லது பின்னால் வருகிறவனிடம் பிடிபடாமல் தப்பலாம். பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிக்காக வீதியில் ஓடிய நாளில் இருந்த விளையாட்டு அது. பரீட்சை, வேலை, குடும்பம் என்று வந்தபின் பெரும்பாலானோர் ஓடுவதையே விட்டுவிடுகிறார்கள். நாற்பதில் சீனி வருத்தத்துக்குப் பயந்து மறுபடி தொடங்குகிறவர்களோ கைக்கடிகாரத்துக்கு அடிமையாகிப் போகிறார்கள்.

கண்டியில் கடிகாரத்தை நம்பி ஓட ஓரளவு பொருத்தமான இடம் ஒன்றுதான்: வாவிக்கரை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் கட்டுவித்த அந்த வாவியை ஒரு முறை சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். விடியற்காலையில் வாகனப் புகை கிளம்புமுன் அங்கே நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் பார்க்கலாம். அதைவிட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம்தான். ராஜபிஹில்ல மாவத்தை ஏறுகிறது. பஹிரவகந்தவுக்குப் போகும் வீதி இன்னும் கடுமையாக ஏறுகிறது. ஹந்தானைப் பாதையில் தேயிலை அருங்காட்சியகம் வரை நிற்காமல் ஓடியவர் அதை ஒரு வாரத்துக்காவது சொல்லிக்கொண்டு திரிவார். அதைக் குறை சொல்ல முடியாது.

ஏற்றம் உடலிடம் என்ன விலை கேட்கிறது என்பதை இத்தாலிய ஆய்வாளர் ஆல்பெர்ட்டோ மினெட்டியும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. மலையோட்டத்தில் பழகிய 10 பேரைச் சரிவான ட்ரெட்மில்லில் ஓடவிட்டு அவர்கள் அளந்தார்கள். அந்தக் கணக்கின்படி, 100 மீற்றர் போவதற்குள் 10 மீற்றர் உயரும் பாதையில் ஒவ்வொரு மீற்றருக்கும் செலவாகும் சக்தி சமதரையைவிட ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கூடுதல். அதே சரிவில் இறங்கும்போது மிச்சமாவது 40 சதவீதம் போலத்தான். ஏறியதில் இழந்தது இறங்குவதில் திரும்பிவராது.

சமதரையில் 5 கிலோமீற்றரை 30 நிமிடத்தில் முடிக்கும் ஒருவரை வைத்துப் பார்ப்போம். பாதி முழுக்க அப்படி ஏற்றம், பாதி முழுக்க அதே இறக்கம் என்றால், அதே உழைப்புக்குக் காகிதக் கணக்கில் அவருக்கு 34 நிமிடம் ஆகும். அதற்கும் அவர் இறக்கத்தில் கிலோமீற்றருக்கு 3 நிமிடம் 36 செக்கன் வேகத்தில் பாய வேண்டும். மூச்சு இடம் கொடுத்தாலும் தொடை இடம் கொடுக்காது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. மறுநாள் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைத் தேட வைப்பது அதுதான். ஆகவே கண்டிக்காரரின் 34 நிமிடத்தைக் கொழும்புக் காலிமுகத்திடலில் ஓடுபவரின் 30 நிமிடத்தோடு ஒப்பிடுவது வீண்வேலை. ஒப்பிடுவதென்றால் அதே பாதையில் போன வருடம் ஓடிய நேரத்தோடு ஒப்பிடலாம். ஆனால் பல ஏற்பாட்டாளர்கள் வருடத்துக்கு வருடம் பாதையை மாற்றி அந்த ஒரு வாய்ப்பையும் கெடுத்துவிடுகிறார்கள்.

ஓட்டம் எப்படிப் போகும் என்பது அநேகமாக எல்லா ஊரிலும் ஒன்றுதான். பட்டாசு வெடித்ததும் பாடசாலைப் பையன்கள் நூறு மீற்றர் ஓட்டம் போலப் பறப்பார்கள், பாதிப்பேர் காலில் சப்பாத்தே இருக்காது. முதல் கிலோமீற்றரில் வீதியோரத்துக் கைதட்டல் முழுதும் அவர்களுக்குத்தான். முதல் நீண்ட ஏற்றத்தில் கூட்டம் பிளக்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கும் பையனைக் கடந்து, ஒரே சீரான மூச்சோடு ஒரு நடுத்தர வயதுக்காரர் மேலே போவார். அவரும் ஒரு காலத்தில் அப்படிப் பறந்து அதே மாதிரி மூச்சு வாங்கியவர்தான். இந்தத் தூரத்தின் கெட்டித்தனம் அதில் இருக்கிறது. முழு மரதனில் செய்த தவறுக்கு முப்பதாவது கிலோமீற்றருக்குப் பிறகுதான் தண்டனை வரும். தேறி எழ வாரங்கள் ஆகும். இங்கே தவறு, தண்டனை, பாடம் எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்து, அடுத்த ஞாயிறு அடுத்த ஊரில் இன்னொரு தரம் முயன்று பார்க்கலாம். ஏப்ரல் நடுவில் தொடங்கி வெசாக் நெருங்கும் வரை ஏதாவது ஓர் ஊரில் விழா இருந்துகொண்டேதான் இருக்கும்.

கண்டியின் ஓட்டப் புகழும் குறுந்தூரத்திலேதான் தொடங்கியது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலை 51.8 செக்கனில் ஓடி வெள்ளி வென்ற டங்கன் வைட், கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 2000இல் சுசந்திகா ஜயசிங்க ஓடும்வரை 52 வருடம் பொறுக்க வேண்டியிருந்தது.

பதக்கத்தைப் பற்றிய நினைப்பே இல்லாத ஓட்டத்துக்கு உலகில் இன்று பேர்போன உதாரணம் பார்க்ரன். 2004 அக்டோபரில் லண்டன் புஷி பூங்காவில் போல் சின்டன்-ஹியூவிட் 13 பேரைச் சேர்த்துத் தொடங்கிய சனிக்கிழமைக் காலை ஓட்டம் அது. 5 கிலோமீற்றர், கட்டணம் இல்லை. தொடக்க வருடங்களில் பார்க்ரனில் சராசரி நேரம் 22 நிமிடத்தை ஒட்டி இருந்தது. இப்போது 30ஐத் தாண்டிவிட்டது. வேறெந்தப் போட்டியிலும் அது வீழ்ச்சி. மெதுவாகப் போகிறவர்களும் துணிந்து வந்ததன் அடையாளம் என்று அங்கே அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டரும் நடக்கிறார்; அதனால் கடைசி என்ற பெயர் ஓட வந்தவர் யாருக்கும் விழாது. நம்மூர் விழாக்கள் இரவல் வாங்க வேண்டிய யோசனை இது.

பெண்களுக்குத் தனி மரதன் வைப்பது இங்கே நெடுநாள் வழக்கம். கழுத்தில் தாலியோடும் காலில் பாட்டாச் செருப்போடும் ஓடும் அக்காமாருக்கு வீதியில் ஓட ஊர் ஒப்புதல் கொடுக்கும் ஒரே காலை, பல இடங்களில் அதுதான். அந்த ஒப்புதல் வருடத்துக்கு ஒரு நாளோடு நிற்பதுதான் சங்கடம். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆசிய மூத்தோர் தடகளத்தில் முல்லைத்தீவின் அகிலத்திருநாயகி 72 வயதில் 1,500 மீற்றர் தங்கத்தோடு திரும்பியபோது நாடே மூக்கில் விரல் வைத்தது. அந்த வியப்பில் பாதி வயதுக்கு, பாதி அவர் பெண் என்பதற்கு.

மகிழ்ச்சி என்று சொல்லிக்கொண்டே மறந்துவிடக்கூடாத ஒன்றும் உண்டு. 2024 மார்ச்சில் திருக்கோவில் என்ற ஊரில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். நாடு முழுதும் வெயில் எச்சரிக்கை இருந்த காலம் அது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காலை குளிர்ச்சிதான். ஆனால் பிரதம விருந்தினர் வரட்டும் என்று ஆறரை மணி ஓட்டத்தை ஒன்பது மணிக்குத் தள்ளினால் அந்தக் குளிர்ச்சி எங்கே இருக்கும்? தண்ணீர் கொடுக்க இரண்டு இடம், பின்னால் ஓர் ஆட்டோ, முதலுதவி தெரிந்த ஒருவர். விழாச் செலவில் இதெல்லாம் ஒலிபெருக்கி வாடகையைத் தாண்டாது.

மைதானத்தில் ஓட்டம் முடிவது ஒரு தடவை மட்டும் அல்ல. முதல் மூவர் வந்ததும் அறிவிப்பாளர் பெயர்களைச் சொல்லிவிட்டு அடுத்த போட்டிக்குப் போய்விடுவார். நூலில் பணிஸ் கட்டுவார்கள், சறுக்கு மரத்துக்குக் கிறீஸ் பூசுவார்கள். அந்த அமளிக்குள் முகம் சிவந்து, சட்டை முதுகோடு ஒட்டிப்போய், நாற்பத்தோராவதாகவோ நாற்பத்திரண்டாவதாகவோ ஒருவர் உள்ளே வருவார். நாடா எப்போதோ அறுந்துபோயிருக்கும். கோடு இருந்த இடத்தைத் தானே தேடிப் பிடித்துத் தாண்டிவிட்டு, முதல் ஏற்றத்தில் தன்னைவிட்டு ஓடிய பக்கத்து வீட்டுப் பையன் எங்கே என்று பார்ப்பார். பையன் பணிஸுக்கு வரிசையில் நிற்பான்.