லீலிச் செடியும் பனங்கருக்கும்

தமிழ்ச் சபைகளில் ‘சாட்சி’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, விசா கிடைத்ததையும் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததையும் சொல்வது சாட்சி. குடிக்காமல், அலுவலகத்தில் பொய்க்கணக்கு எழுதாமல், அண்டை வீட்டாரிடம் நல்ல பெயர் எடுத்து வாழ்வது ‘சாட்சியுள்ள வாழ்க்கை’. விசுவாசத்துக்காக உயிரை விட்டவர் ‘இரத்தசாட்சி’. டொராண்டோவிலோ லண்டனிலோ வளர்ந்த பிள்ளைகளுக்கும் இவை பழகிய சொற்கள்தான். எல்லாவற்றிலும் பார்க்கப்படுபவர் விசுவாசி, பார்ப்பது ஊர். ஆனால் அந்தச் சொல்லின் வேரில் இருப்பது ‘அக்ஷி’, அதாவது கண். நீதிமன்றத்தில் சாட்சி என்றால் கண்டவர், கண்டதைச் சொல்பவர். நம் பிரசங்கங்கள் இந்தப் பொருளை ஏறக்குறைய கைவிட்டுவிட்டன. அதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டு நூல்களைச் சேர்த்து வாசிக்கலாம் என்று தோன்றுகிறது. ஒன்று மெரிலின் ராபின்சனின் நாவல் ‘கீலேயாத்’ (2004; நம் வேதாகமம் எழுதும் விதத்திலேயே அந்தப் பெயரை எழுதுகிறேன்). மற்றது பாமாவின் ‘கருக்கு’ (1992).

‘கீலேயாத்’துக்கு 2005இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், 1956இல், எழுபத்தாறு வயதான போதகர் ஜான் அமெஸ் தன் சிறு மகனுக்கு எழுதும் நீண்ட கடிதமே நாவல். அவருக்கு இதயநோய். மகன் வளர்ந்து ஆளாகும்போது தான் இருக்கமாட்டோம் என்று தெரிந்து எழுதுகிறார். மாடி அறையில் அவருடைய பிரசங்கங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அவர் பேச்சில் வீம்பு இல்லை. தண்ணீரையும் வெளிச்சத்தையும் பற்றி அவர் எழுதும் பக்கங்களுக்காகவே பலர் இந்த நாவலை மீண்டும் எடுக்கிறார்கள். நம் சபைகள் ‘சாட்சியுள்ள வாழ்க்கை’ என்று சொல்வதற்கு இவரைவிடப் பொருத்தமான உதாரணம் புனைகதையில் எளிதில் கிடைக்காது.

ஆனால் இதை ஆறுதல் நூலாக மட்டும் வாசிப்பவர்கள் ஓர் இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெஸும் அதை வேகமாகத்தான் சொல்கிறார். அந்த ஊரில் ஒரு கறுப்பினத்தவர் தேவாலயம் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் யாரோ அதற்குத் தீ வைத்தார்கள். சின்னத் தீதான், உடனே அணைத்துவிட்டார்கள் என்கிறார் அமெஸ். பிறகு அந்தச் சபையார் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களுடைய போதகர் விடைபெற வந்தபோது தங்கள் ஆலயத்தின் முன்னால் இருந்த லீலிச் செடிகளைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். அமெஸ் அவற்றைத் தன் ஆலய வாசலில் நட்டார். வருத்தப்பட்டதாகவும் எழுதுகிறார். அதோடு சரி. தீ வைத்தது யார் என்று கேட்டதாகவோ, அடுத்த ஞாயிறு அதைப் பற்றிப் பேசியதாகவோ ஒரு வரி இல்லை. எத்தனையோ ஆண்டுப் பிரசங்கங்கள் மாடியில் இருக்கின்றன.

இதை ராபின்சனின் கவனக்குறைவு என்று கொள்ள முடியாது. அமெஸின் தாத்தாவையும் அவர்தானே படைத்திருக்கிறார்! அடிமைமுறையை எதிர்த்துத் துப்பாக்கியோடு நின்ற போதகர் அந்தத் தாத்தா. உள்நாட்டுப் போரில் ஒரு கண்ணை இழந்தவர். விலங்கிட்ட கிறிஸ்துவைத் தரிசித்தேன் என்பார். வீட்டிலிருக்கும் பொருளையெல்லாம் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். வீட்டார் அவருக்குப் பயந்து காசை ஒளித்து வைப்பார்கள். கூடவே குடியிருக்கத் தாங்கமுடியாத மனிதர்தான். ஆனாலும் ஒற்றைக் கண்ணோடு அவர் கண்டதை இரண்டு கண்ணும் உள்ள பேரன் காணவில்லை. வேதாந்தத்தில் சாட்சி என்றால் எதிலும் பட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அமெஸ் தன்னை அறியாமல் அந்தப் பொருளில் சாட்சியாகிவிட்டாரோ என்னவோ.

கடைசியில் அந்தக் கேள்வி அவர் வீட்டுக்கே வருகிறது. நண்பரின் மகன் ஜாக், ஊரார் உதவாக்கரை என்று தள்ளியவன், தனக்குக் கறுப்பினத்து மனைவியும் மகனும் உண்டு என்று அமெஸிடம் மட்டும் சொல்கிறான். மிசௌரியில் அவர்கள் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. அயோவாவில் அப்படித் தடையில்லை. இந்த ஊரில் நாங்கள் குடியிருக்க முடியுமா? அமெஸிடம் திடமான பதில் இல்லை. ஊரைவிட்டுப் போகும் ஜாக்கைப் பேருந்து நிறுத்தம்வரை கொண்டுவிட்டு ஆசீர்வதிக்கிறார். அந்தப் பக்கங்கள் நெகிழவைப்பவை, எனக்கும்தான். ஆனால் ஜாக் கேட்டது குடியிருக்க ஓர் இடம். கிடைத்தது ஆசீர்வாதம்.

‘கருக்கு’ இந்தக் காட்சியை மறுபக்கத்திலிருந்து எழுதுகிறது. பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம்போல் அறுப்பது கருக்கு. பாமா பிறந்த தெரு கிறிஸ்தவத் தெரு. அங்கே விசுவாசத்துக்குக் குறைவில்லை. பூசையும் ஜெபமாலையும் திருவிழாவும் உண்டு. பள்ளியில் தேங்காய் திருடியதாகச் சிறுமி மேல் பழி விழுகிறது. பங்குச் சாமியாரோ, சேரிப் பிள்ளை என்றால் செய்திருக்கும் என்று முடிவுகட்டுகிறார். தெருவில் ஒரு பெரியவர் நாயக்கருக்குக் கொண்டுபோகும் பலகாரப் பொட்டலத்தைக் கையில் படாமல் நூலைப் பிடித்துத் தூக்கி வருகிறார். அதைப் பார்த்துச் சிறுமி முதலில் சிரிக்கிறாள்; அண்ணன் விளக்கியபிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் பாமா கண்ணைத் திறந்துகொண்டார். பிறகு எங்கேயும் மூடவில்லை.

வளர்ந்து ஆசிரியையாகி, அந்த வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தது ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கத்தான். மடத்தில் ஏழ்மை ஒரு வார்த்தைப்பாடாக இருந்தது. வாழ்க்கை வசதியாக இருந்தது. பள்ளியில் படித்தவர்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். பெருக்கித் துடைத்துக் கழிப்பறை கழுவியவர்கள் பாமாவின் மக்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மடம் முழுக்கச் சாட்சிதான்: வெள்ளை உடை, நேரம் தவறாத ஜெபம், சேவை. உள்ளே இருந்து பார்த்தவர் ஏழு ஆண்டுகளில் வெளியே வந்து, தான் கண்டதைத் தன் ஊர்ப் பேச்சிலேயே எழுதினார்.

மடத்தைப் பற்றிய பகுதிகள் ‘கூறியது கூறல்’ என்று சிலர் குறை சொல்வதுண்டு. உண்மைதான், ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. குறுக்கு விசாரணையில் நிற்பவர் அப்படித்தான் பேசுவார். சொன்னதையே சொன்னால்தான் அவர் பேச்சு நிற்கும். எனக்கு உள்ள குறை வேறு. இரண்டாம் தலைமுறையினர் இதை லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ராமின் நல்ல ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறார்கள். அந்த ஆங்கிலத்தில் கருக்கின் கூர் கொஞ்சம் மழுங்கிவிடுகிறது. தமிழில் மெதுவாக, வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். பாட்டியையோ அத்தையையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் இன்னும் நல்லது.

புலம்பெயர்ந்த சபைகளில் ‘கீலேயாத்’தைப் போதகர்களே பரிந்துரைப்பதைக் கேட்டிருக்கிறேன். ‘கருக்கு’க்கு அப்படி ஒரு பரிந்துரையை இதுவரை கேட்டதில்லை. விசுவாசத்தைக் குலைக்கும் புத்தகம் என்ற அச்சம் இருக்கலாம். இதே சபைகளில்தான், கல்யாணப் பேச்சு எழும்போது, ‘எந்த ஊர்?’ என்ற கேள்விக்குப் பின்னால் ‘ஊரில் எந்தப் பக்கம்?’, ‘எந்தக் கோயில்?’ என்ற கேள்விகள் மெல்ல வருகின்றன. கேட்பவர்கள் நல்லவர்கள், அமெஸைப்போல. இங்கே பிறந்து, தமிழை அரைகுறையாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைகளுக்கும் அந்தக் கேள்வி எதற்கென்று தெரிந்துவிடுகிறது. அவர்கள் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்கள்.

லீலிச் செடிகள் எங்கிருந்து வந்தன என்பதை டீக்கன்மாரிடம் சொல்லிவைக்க வேண்டும் என்று அமெஸ் எழுதுகிறார். ஆலயத்தை இடிக்கும்போது செடிகளையாவது காப்பாற்றுவார்களாம். சொன்னாரா இல்லையா என்பது நாவலில் இல்லை.