கேபிள் தமிழும் ஓடிடித் தமிழும்: மொழிமாற்று நிகழ்ச்சிகள் குறித்து ஒரு திறனாய்வு

இந்திய வீடுகளுக்குள் கேபிள் தொலைக்காட்சி பரவலாக நுழைந்தது 1991-இல் ஆகும். வளைகுடாப் போர்ச் செய்திகளும் ஸ்டார் அலைவரிசைகளும் அதற்கு வழி திறந்தன. 1992-இல் ஜீ தொலைக்காட்சியும் 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சியும் தோன்றின. 1995-இல் கேபிள் தொலைக்காட்சிக்கெனத் தனி ஒழுங்குமுறைச் சட்டமே பிறந்தது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வீட்டுத் திரையை ஆண்ட இம்முறை இப்பொழுது பல வீடுகளில் இணையவழிச் சேவைகளுக்கு இடம்விட்டு வருகிறது. 2015-இல் ஹாட்ஸ்டார், 2016 சனவரியில் நெட்ஃபிளிக்ஸ், அவ்வாண்டின் இறுதியில் பிரைம் வீடியோ என இவை அடுத்தடுத்து வந்தன. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோ இணையத் தரவின் விலையைத் தரைக்கு இறக்கியதால் இவை வேரூன்றின. இம்மாற்றம் பெரும்பாலும் கட்டணம், தொழில்நுட்பம், தணிக்கை ஆகியவற்றின் நோக்கிலேயே பேசப்படுகிறது. மொழிபெயர்ப்பின் நோக்கில் அதனை அணுகினால் வேறொரு சிக்கல் தென்படும். கேபிள் வழங்கிய மொழிமாற்றுத் தமிழ் பல குறைகளை உடையது. ஆனால் அது பலர் கூடிக் கேட்ட தமிழ். ஓடிடி வழங்கும் தமிழ் பல இடங்களில் அதனினும் திருத்தமானது. ஆனால் அது ஒருவர் தனியே தெரிவு செய்து கேட்கும் தமிழ். இவ்வேறுபாடு மொழிபெயர்ப்பின் தரத்தில் ஏற்படுத்தும் விளைவே இங்கு ஆராயப்படுகிறது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். 'கேபிள்' என்பதற்கு வடம், கம்பிவடம் எனக் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. மக்கள் வழக்கு அவற்றை ஏற்கவில்லை. மாறாக, கேபிள் என்னும் சொல்லையே தமிழ் இலக்கணத்துள் முழுவதுமாக இழுத்துக்கொண்டது. பால்காரர், தபால்காரர் வரிசையில் கேபிள்காரர் உண்டானார். 'கேபிள் காசு' மாதச் செலவுகளுள் ஒன்றாயிற்று. 'கேபிள் கட்டாயிடுச்சு' என்பது யாரும் மொழிபெயர்க்க வேண்டாத தமிழ் வாக்கியமாயிற்று. ஓடிடி என்னும் மூன்றெழுத்துச் சுருக்கத்திற்கு அத்தகைய உறவுச்சொல் எதுவும் அமையவில்லை. ஓடிடிகாரர் என்று ஒருவரும் இல்லை. அச்சுருக்கத்தின் விரிவிலுள்ள 'மேலே' என்னும் பொருளைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டு 'மேலதிக' என்னும் அடையோடு ஆக்கப்படும் தொடர்கள் பொருளைப் பிழையாகவே உணர்த்துகின்றன. இச்சேவை மிகையானது அன்று. கேபிள்காரரைக் கடந்து, இணைய இணைப்பின் மீதேறி நேரே வீட்டுக்கு வருவது. இங்கு ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். பல தெருக்களில் அந்தப் பழைய கேபிள்காரரே இன்று இணைய இணைப்பும் தருகிறார். வடம் போய்விடவில்லை, வடத்தின் வழியே வருவதுதான் மாறிற்று.

கேபிள் முறையில் மொழி என்பது அலைவரிசையின் அடையாளம். தமிழ் அலைவரிசைகள் ஓரிடத்திலும் இந்தி அலைவரிசைகள் வேறிடத்திலும் எண் பெற்று நின்றன. 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறையிலும் பார்வையாளர் தெரிவு செய்தது அலைவரிசையையே ஆகும். ஓடிடியில் மொழி நிகழ்ச்சியின் மீது போட்டுக் கழற்றும் சட்டையாகிவிட்டது. ஒரே காட்சியை ஒருவர் கொரிய மொழியில் கேட்கலாம், தமிழில் கேட்கலாம், கொரிய மொழியில் கேட்டு ஆங்கிலத்தில் படிக்கலாம். நடுவிலேயே மாற்றவும் செய்யலாம். இது பார்வையாளருக்குக் கிடைத்த உரிமை என்பதில் ஐயமில்லை. மொழிபெயர்ப்புக்கு இதனால் நேர்ந்தது யாது என்பது தனி வினா.

கேபிள் காலத்து மொழிமாற்றுத் தமிழைப் போற்றிப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. அறிவியல், காட்டுயிர் அலைவரிசைகளில் ஒலித்த தமிழை நினைவுகூர்ந்தால் போதும். ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூட்டின் மீது தமிழ்ச் சொற்கள் போர்த்தப்பட்டிருந்தன. 'இது உண்மையிலேயே அற்புதமானது', 'நான் இப்போது இதைச் சாப்பிடப் போகிறேன்' போன்ற அமைப்புகளில் 'உண்மையிலேயே' என்பது ஆங்கில வினையடையின் நிழல். '-அப் போகிறேன்' என்பது ஆங்கில எதிர்காலத்தின் நிழல். பச்சைப் பூச்சியைத் தின்னும் நிலையில் உள்ள தமிழர் 'தின்னுடறேன்' என்றோ 'வேற வழியில்லை' என்றோ சொல்வாரேயன்றி, தம் செயலை முன்கூட்டி அறிவித்துக்கொண்டிருக்க மாட்டார். உதட்டசைவின் நீளத்தை நிரப்ப வேண்டிய தேவையும் இந்நீட்சிக்கு ஒரு காரணம்.

ஆயினும் இத்தமிழ் கேட்கப்பட்டது. கேட்கப்பட்டதால் கேலி செய்யப்பட்டது. நகைச்சுவை நிகழ்ச்சிகளிலும் கல்லூரி மேடைகளிலும் 'டப்பிங் தமிழ்' தனிப் பேச்சுவகையாக நடித்துக் காட்டப்பட்டது. ஒரு மொழிச் சமுதாயம் தன் இலக்கண உணர்வை வெளிப்படுத்தும் வழிகளுள் பகடியும் ஒன்று. நடிப்பவர் எந்த அமைப்பை மிகைப்படுத்துகிறாரோ அந்த அமைப்பே தமிழுக்கு ஒவ்வாதது என்று கேட்பவர் அனைவரும் உடன்படுகின்றனர். இது ஊதியமில்லாத் திறனாய்வு. மொழிபெயர்ப்பாளருக்கு எட்டக்கூடிய திறனாய்வும்கூட.

பாராட்டும் அவ்வாறே வந்தது. 2007-இல் தொடங்கிய சுட்டி தொலைக்காட்சியில் வந்த டோராவின் பயணங்கள் தொடரை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில மூலத்தில் தட்டிப் பறிக்கும் செயலையே பெயராகக் கொண்ட நரி, தமிழில் குள்ளநரி ஆயிற்று. பாட்டி கதைகளில் ஏற்கெனவே தந்திரத்தோடு திரிந்த விலங்கு அது. பெயரின் வினைப்பொருள் போயிற்று. பதிலாக ஒரு கதைமரபு முழுவதும் உள்ளே வந்தது. அந்நரியைத் தடுக்கும் வாக்கியம் குழந்தைகளின் வாயில் பழமொழிபோல் ஊன்றி, அவர்கள் வளர்ந்த பின்னும் கேலிப் பேச்சில் நிலைத்திருக்கிறது. பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் ஒரே அலைவரிசையில் ஒரே வடிவத்தைக் கேட்டதாலேயே இது இயன்றது.

இந்தித் தொடர்களின் தமிழாக்கம் வேறு வகையான செய்தியைத் தருகிறது. உறவுப்பெயர்களில் இந்தியும் தமிழும் ஏறக்குறைய ஒத்த செறிவுடையவை. கணவனின் அண்ணன், தம்பி, உடன்பிறந்தாள் ஆகியோருக்கு இந்தியில் தனித்தனிச் சொற்கள் உண்டு. தமிழிலும் மூத்தார், கொழுந்தன், நாத்தனார் உண்டு. சிக்கல் சொல்லில் இல்லை, முறையில் உள்ளது. வடபுலக் கதையில் மாமன் மகள் தங்கை; தமிழ்க் காதுக்கு அவள் முறைப்பெண். 'மாமா பொண்ணு' என்று சரியாகவே மொழிபெயர்க்கப்பட்ட சொல், கதையில் இல்லாத ஒரு காதலை எதிர்பார்க்க வைக்கும். எனினும் இங்கு மொழிபெயர்ப்பாளர் மோதிய சுவர் மூலப் பண்பாட்டின் சுவர். இரண்டு மொழிகளும் நேருக்கு நேர் நின்றன. ஆங்கிலம் இடைநிற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓடிடியில் அந்நேர்நிலை பெரும்பாலும் இல்லை. உலகின் பல மொழிகளிலிருந்தும் ஒரே வேளையில் பல மொழிகளுக்கு நிகழ்ச்சிகள் பெயர்க்கப்படுவதால், மூல மொழியிலிருந்து முதலில் ஆங்கில உரை ஒன்று ஆக்கப்பட்டு, அதிலிருந்து பிற மொழிகளுக்குப் பெயர்க்கும் முறை தொழிலில் வேரூன்றியுள்ளது. இதனை இடையுரை எனலாம். கொரிய மொழியும் எசுப்பானியமும் நேரடியாக அறிந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் மிகச் சிலரே என்பதால் இம்முறை தவிர்க்க இயலாதது என்றும் சொல்லப்படும். அதில் உண்மை உண்டு. ஆனால் இடையுரை எதனை வடிகட்டிவிடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

2021 செப்டம்பரில் வெளியான ஸ்குவிட் கேம் என்னும் கொரியத் தொடரில் அலி என்னும் பாகிஸ்தானியத் தொழிலாளி வருகிறான். இந்திய நடிகர் அனுபம் திரிபாதி ஏற்ற வேடம் அது. அலி, சாங்-வூ என்பவனை முதலாளியை அழைக்கும் மரியாதைச் சொல்லால் அழைக்கிறான். ஒரு கட்டத்தில் சாங்-வூ அதனை விடுத்து 'ஹியோங்' என்று அழைக்கச் சொல்கிறான். ஹியோங் என்பது ஓர் ஆண் தன் அண்ணனை அழைக்கும் சொல். பின்னர்க் கோலி விளையாட்டில் அலியை வஞ்சித்துச் சாகவிடுபவனும் அதே சாங்-வூதான். ஆங்கில உரையில் இவ்விடம் 'என்னைச் சாங்-வூ என்றே கூப்பிடு' என்று பெயரளவில் சுருங்கிவிட்டதைக் கொரியம் அறிந்தோர் அப்பொழுதே சுட்டிக்காட்டினர். ஆங்கிலத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. அண்ணன் என்னும் உறவை அழைப்புச் சொல்லாக ஆளும் வழக்கம் அம்மொழியில் இல்லை.

தமிழில் உண்டு. 'சார்னு கூப்பிடாதே, அண்ணேன்னே கூப்பிடு' என்று ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. பேச்சளவிலும் உணர்விலும் கொரிய மூலத்தோடு அப்படியே பொருந்தும். ஆனால் ஆங்கில உரை மட்டுமே கையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் 'பேர் சொல்லியே கூப்பிடு' என்று எழுத நேரும். அவ்வாறு எழுதினால் பொருள் குறைவதோடு நில்லாது, தலைகீழாகிறது. வயதில் இளையவனைப் பெயர் சொல்லி அழைக்கச் சொல்வது தமிழ் வழக்கில் நெருக்கத்தைக் காட்டாது. முறை பிறழ்ந்த பேச்சாகவே ஒலிக்கும். தம்பியாக ஏற்றவனே அவனை வஞ்சித்தான் என்னும் கொடுமையும் கழன்றுவிடும். ஆங்கிலத்தால் சுமக்க முடியாததால் இறக்கி வைக்கப்பட்ட பாரத்தை, சுமக்கவல்ல தமிழும் வெறுங்கையோடு கடந்து செல்கிறது. மொழிபெயர்ப்புக் கோட்பாட்டில் இழப்பு பற்றிப் பேசுவோர் இரு மொழிகளுக்கு இடையிலான இழப்பையே பெரிதும் பேசுவர். இங்கு இழப்பு அவ்விரு மொழிகளுக்கும் உரியது அன்று. வழியில் நின்ற மூன்றாம் மொழிக்கு உரியது.

முன்னிலை இடப்பெயரிலும் இதுவே நிலை. கொரிய மொழியின் வினைமுற்றுகள் பேச்சுநிலை வேறுபாட்டை உணர்த்துகின்றன. எசுப்பானியத்தில் இருவகை முன்னிலை உண்டு. ஆங்கில இடையுரையில் இவை அனைத்தும் ஒரே சொல்லாக மழுங்கி நிற்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர் நீ, நீங்க என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்தே ஆக வேண்டும். வா, வாங்க என வினையும் உடன்மாறும். மூலத்தில் இருந்த விடையை மறைத்துவிட்டு அவரையே ஊகிக்கச் சொல்கிறது இடையுரை. இரு பாத்திரங்கள் மரியாதைப் பன்மையிலிருந்து ஒருமைக்கு இறங்கும் கணமே சில கதைகளில் திருப்பமாக அமையும். அக்கணம் எது என்பதை ஆங்கில வரியைக் கொண்டு அறிய இயலாது.

சப்டைட்டில் எனப்படும் திரையடி எழுத்தில் இன்னும் இரு இடர்கள் சேர்கின்றன. ஒன்று அளவு. பொதுவாக இரண்டு வரி, ஏழு வினாடிக்கு மிகாத நேரம், வரிக்கு இத்தனை குறியீடு என்னும் வரையறைகள் உள்ளன. 'மொழிபெயர்ப்பு' என்பது தமிழ் மரபில் ஏழெழுத்துச் சொல். கணினிக் குறியீட்டு முறையில் அதுவே பதின்மூன்று குறியீடுகள். உயிர்மெய்யைப் பிரித்து எண்ணும் கருவி தமிழை எப்பொழுதும் நீளமான மொழியாகவே காணும். மற்றொன்று இரட்டை வழக்கு. பாத்திரம் 'வந்துட்டேன்' என்று பேச, அடியில் 'வந்துவிட்டேன்' என்று எழுதுவதா என்பது தீராத வினா. பேச்சுத் தமிழை எழுத்தில் விரைந்து படித்துப் பழகாத கண்ணுக்கு எழுத்து வழக்கே எளிது. ஆனால் அது கொலைகாரனையும் செய்தி வாசிப்பவனாக்கிவிடும். உரையாடலைப் பேச்சு வழக்கிலும் கடிதம், அறிவிப்பு முதலியவற்றை எழுத்து வழக்கிலும் தருவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. தமிழ்ப் புனைகதை ஒரு நூற்றாண்டாகப் பின்பற்றும் முறை அது.

இக்குறைகளைச் சுட்ட வேண்டியவர் யார்? கேபிள் காலத்தில் தாத்தாவும் கல்லூரியில் படிக்கும் பெயரனும் ஒரே அறையில் ஒரே தமிழைக் கேட்டனர். பெயரன் சிரித்தான், அச்சிரிப்பு வெளியே பரவியது. இன்று பெயரன் தன் கைப்பேசியில் மூல மொழியையும் ஆங்கில எழுத்தையும் தெரிவு செய்துகொள்கிறான். தமிழ் ஒலித்தடம் ஆங்கிலம் படிக்க இயலாதவருக்கும் எழுத்து ஓடும் விரைவில் கண் ஓடாத முதியவருக்கும் எஞ்சுகிறது. அவர்கள் தமிழைக் குறை காண வல்லவரே. ஆனால் மூலத்தில் என்ன இருந்தது என்று ஒப்பிட்டறிய அவர்களுக்கு வழியில்லை. ஒப்பிட வல்லவரோ தமிழைக் கேட்பதே இல்லை. நிகழ்ச்சியின் முடிவில் மொழிமாற்றுக் கலைஞர் பெயர்கள் காட்டப்பட்டாலும் அதற்குள் அடுத்த பகுதி தானே தொடங்கிவிடுகிறது. மொழி ஒரு தெரிவு ஆனபோது, பிடிக்காதவர் திருத்தச் சொல்வதில்லை, வேறொன்றை அழுத்திவிடுகிறார்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கலாகாது. ஒரே வரியைப் பல மொழிகளில் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பைக் கேபிள் ஒருபோதும் தரவில்லை. 2021 நவம்பரில் பிரைம் வீடியோவில் வெளியான ஜெய் பீம் திரைப்படத்தில், பிரகாஷ் ராஜ் ஏற்ற காவல் அதிகாரி, இந்தியில் பேசுபவரை அறைந்து தமிழில் பேசச் சொல்வார். தெலுங்கு வடிவத்தில் அது தெலுங்கில் பேசச் சொல்வதாயிற்று. இந்தி வடிவத்திலோ உண்மையைப் பேசச் சொல்வதாயிற்று. இந்தி பேசுவதற்காக அறை விழுகிறது என்பதை இந்தியிலேயே சொல்ல முடியாமையால் மொழிபெயர்ப்பாளர் மொழியைத் தூக்கிவிட்டு வாய்மையை வைத்தார். ஆனால் அவ்வறையின் காரணம் பொய் அன்று. தமிழ் தெரிந்தும் விசாரணைக்கு நழுவ இந்தியைத் திரையாக்கிக்கொள்ளும் தந்திரம். இந்தி வடிவத்தில் அத்தந்திரம் காணாமற்போய், அதிகாரியின் சினம் மட்டும் எஞ்சியது. அந்நாட்களில் எழுந்த வாதங்கள் மொழி அரசியலைச் சுற்றியே நின்றன. மொழிபெயர்ப்பாளர் முன்னிருந்த தெரிவுகள் அவற்றில் இடம்பெறவில்லை. இந்தியில் வேறொரு மொழியைத் திரையாக வைத்திருக்கலாமா, ஒலித்தடத்தில் அவ்வொரு வரியை மட்டும் மூலத்தில் உள்ளவாறே விட்டுத் திரையடியில் எழுதியிருக்கலாமா என்னும் வினாக்களுக்கு, வடிவங்களை அருகருகே வைத்துக் கேட்டே விடை காண இயலும்.