கலைந்ததா, சிதறியதா?

போன வருடம் அலுவலகத்தில் ஒரு தேடல் வசதிக்கு ஒத்தசொல் பட்டியல் தயாரிக்கிற வேலை வந்தது. வேலை ரொம்ப எளிது. ஒரே வரியில் கமா போட்டுச் சொற்களை எழுதவேண்டும்: ஸ்கேட்டர், டிஸ்பர்ஸ், டிஸ்பெல். அதற்கப்புறம் அந்த வரியில் இருக்கிற எல்லாமே மெஷினுக்கு ஒன்றுதான். எழுதிவிட்டு டீ குடிக்கப் போகிற வழியில் உறுத்தியது. சந்தேகத்தை டிஸ்பெல் செய்யலாம். ஸ்கேட்டர் செய்தால் அது பத்து இடத்தில் முளைத்துவிடாதா?

இந்தப் பழக்கத்துக்கு ஆங்கிலத்தில் மூதாதை பீட்டர் மார்க் ரோஜே. மருத்துவர், ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவர். 1852இல், தன் 73ஆவது வயதில், தெசாரஸை வெளியிட்டார். சொற்களை அகரவரிசையில் வைக்காமல் கருத்துவாரியாக அடுக்கினார். கூடுதல் ஒரு தலைப்பு, அதற்கு நேர் எதிரே சிதறல். திவாகரம் தொடங்கி நம் நிகண்டுகளும் ஏறக்குறைய இதையேதான் செய்தன, அதுவும் செய்யுளில். எனக்கு ரோஜேவின் மேல் மரியாதை உண்டு. ஆனால் அவருடைய புத்தகம் சொற்களை அக்கம்பக்கத்தில் குடியேற்றுவதோடு நின்றுவிடுகிறது. யாருக்கு யாரோடு ஆகாது என்று சொல்வதில்லை.

ஸ்கேட்டரையே எடுத்துக்கொள்வோம். அதுவும் ஷேட்டரும் ஒரே பழைய சொல்லின் இரண்டு உச்சரிப்புகளாக இருக்கலாம் என்பது சொற்பிறப்பு அகராதிகளின் கருத்து. உடைவது ஒரு பக்கமும் இறைந்து கிடப்பது இன்னொரு பக்கமும் போய்விட்டன. தமிழ் அவற்றைப் பிரிக்கவில்லை. பிள்ளையார் கோயில் வாசலில் விடுகிற சிதறுகாயைப் பாருங்கள். உடைவதும் ஓடுவதும் அங்கே ஒரே நொடி, ஒரே சொல். பையன்கள் அத்தனை சில்லையும் பொறுக்கிவிடுவார்கள். ஆனால் அது மறுபடி தேங்காய் ஆகாது.

கலைவது வேறு. தூக்கம் கலைந்தால் புரண்டு படுத்துத் தூங்கலாம். தலை கலைந்தால் வாரிக்கொள்ளலாம். சட்டமன்றம் கலைந்தால் தேர்தல் வரும். ஒழுங்குதான் போகிறது, பொருள் அப்படியே இருக்கிறது, திரும்பக் கூட வாய்ப்பும் இருக்கிறது. கருக்கலைப்பு என்ற சொல் எனக்கு எதிரான சாட்சி என்பது தெரியும். அதை ஒளிக்கப்போவதில்லை. ஆனாலும் பேச்சில் புழங்குகிற கலைதலில் பெரும்பாலானவை மீளக்கூடியவை.

இந்த வித்தியாசம் வெறும் மொழி விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது ஜாலியன்வாலாபாக் பற்றிப் படித்தபோது.

1919 ஏப்ரல் 13 காலையில் அமிர்தசரஸ் தெருக்களில் அறிவிப்பு செய்யப்பட்டது: கூட்டம் கூடக்கூடாது, கூடினால் தேவைப்பட்டால் ஆயுத பலத்தால் டிஸ்பர்ஸ் செய்யப்படும். அன்று மாலை ஜெனரல் டயர் மைதானத்துக்குள் நுழைந்தார். சுற்றிலும் சுவர், வெளியேறச் சில குறுகலான வழிகள். எச்சரிக்கை எதுவும் கொடுக்கவில்லை. சுமார் பத்து நிமிடம் சுட்டார்கள், 1650 ரவுண்டு. அரசாங்கக் கணக்கில் இறந்தவர்கள் 379. காங்கிரஸ் விசாரணை அதைவிட மிக அதிகமாக, ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. பிறகு டயர் தன் அறிக்கையில் கூட்டம் டிஸ்பர்ஸ் ஆகும்வரை சுட்டதாக எழுதினார்.

அந்த வினையைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் டிஸ்பர்ஸ் தன்வினையும்தான், பிறவினையும்தான், உருவம் மாறாது. காலை அறிவிப்பில் செய்கிறவர் ராணுவம். அறிக்கையில் செய்கிறது கூட்டம்! அதுவாகவே டிஸ்பர்ஸ் ஆகிறது, மேகம் மாதிரி. சுட்டவர் அதற்காகக் காத்திருந்தவர் போலத் தெரிகிறார். தமிழில் இந்த வசதி கிடையாது. கலைந்ததா, கலைத்தாரா? ஒரு மெய்யெழுத்தில் ஆள் மாட்டிக்கொள்வார். இன்னொன்று, இது என் தொழில் புத்தி: ‘ஆகும்வரை’ என்பது ஒரு லூப்பின் முடிவு நிபந்தனை. வாசல் அடைபட்ட இடத்தில் அந்த நிபந்தனை எப்போது நிறைவேறும்?

நவம்பரில் ஹண்டர் கமிட்டி டயரை விசாரித்தது. சுடாமலேயே டிஸ்பர்ஸ் செய்திருக்க முடியுமா என்பது கேள்வி. முடிந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றார்.

எனக்கு இந்தப் பதிலைத் தாண்ட முடியவில்லை. கூட்டத்தைக் கலைப்பது தன் நோக்கமாக இருக்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். கலைந்தவர்கள் திரும்பி வருவார்கள், அதுதான் அவருக்குப் பிரச்சனை. அவருக்குத் தேவைப்பட்டது சிதறுகாய். ஆங்கிலம் இரண்டுக்கும் டிஸ்பர்ஸ் என்ற ஒரே போர்வையைக் கொடுத்தது. தமிழிடம் இரண்டு தனிச் சொற்கள் இருந்தும், ‘கூட்டத்தைக் கலைக்க டயர் சுட்டார்’ என்று எழுதக் கை தானாகப் போகிறது. நானே அப்படி எழுதியிருக்கேன். அவருடைய வக்கீல்கூட அதைவிட நல்ல வாக்கியம் கேட்டிருக்கமாட்டார்.

தமிழுக்குப் பிரிக்கத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. பள்ளி இயற்பியலில் ஸ்கேட்டரிங் ஒளிச்சிதறல், டிஸ்பர்ஷன் நிறப்பிரிகை. குழம்பாமல் இரண்டு சொல். பின்னது தொண்ணூறுகளில் ஒரு சிற்றிதழுக்கே பெயரானது. ஒளிக்குக் காட்டிய கவனத்தை மனிதர்களுக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் ‘தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்’ என்று செய்தி வருகிறது. கூட்டம் கலைந்திருக்கும், சரி. மண்டை உடைந்தவர் எந்த வினைச்சொல்லில் இருக்கிறார்? அந்த வாக்கியத்தில் செயப்படுபொருள் கூட்டம்தான், அவர் இல்லை. ‘அடித்து விரட்டினர்’ என்று எழுதினால் குறைந்தபட்சம் அடிபட ஒரு உடம்பாவது வேண்டியிருக்கும்.

டீ குடித்துவிட்டு வந்து அந்த வரியை மூன்றாக உடைத்தேன். ரிவ்யூவில், இவை எல்லாம் ஒரே அர்த்தம்தானே, ஏன் பிரித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். தேடல் துல்லியத்துக்காக என்று பதில் போட்டேன்.